ஸ்டீல் ஹோஸும் ஒரு ‘உடு’வும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வாசலில் வண்டியை நிறுத்தி, பார்சலைப் பிரித்து, பளபளவென்று ஒரு பிரேக் ஹோஸை வெளியே எடுத்தாள். மெல்லிய எஃகுக் கம்பிகளைச் சடை மாதிரிப் பின்னி மேலே போர்த்திய ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு இதை மாட்டப் போகிறாளாம். “அப்பா, நான் சொல்றப்ப பிரேக் லிவர மட்டும் அமுக்கிப் புடிக்கிறீங்களா?” என்றாள். கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது.

உங்களிடம் மறைப்பானேன், அந்த வேலை என்றாலே எனக்கு உதறல். தெருமுனைவரை அவள் திறந்து வைத்திருந்த பிரேக் ஆயிலின் வாடை கூடவே வந்தது. மீனும் இல்லாத, மருந்தும் இல்லாத ஒரு வாடை. அது மூக்கில் ஏறினால் எனக்கு ஹாஜா ஞாபகம் வந்துவிடும்.

ஹாஜாவும் நானும் செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அவனுக்குக் கிள்ளை. எனக்குக் கடலூர் முதுநகர். ஆனால் ஆபீஸ் கடலூரில் இருந்ததால் அவனும் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். குறிஞ்சிப்பாடி, புதுச்சத்திரம், சிதம்பரம் என்று எந்த டவர் படுத்தாலும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஓடுவோம். வண்டி என்னுடையது. டவர் ஏறுவது அவன். உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும் என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அவன் அதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம். வண்டி ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் என் முதுகில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். கையால்கூடப் பிடித்துக்கொள்ள மாட்டான். என் எல்லாச் சட்டையிலும் முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்காய் எண்ணெய்க் கறை இருக்கும். என் மனைவி துவைக்கும்போதெல்லாம் அவனைத் திட்டுவாள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. ஒருத்தன் ஓடுகிற வண்டியில் நம்மை நம்பித் தூங்குகிறான் என்றால் அதைவிட என்ன வேண்டும்? டவர் ஏறத் துப்பில்லாதவனுக்கு இருந்த ஒரே கௌரவம் அது.

அந்தக் கௌரவம் தலைக்கு ஏறியதில்தான் ஸ்டீல் ஹோஸ் வந்தது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் ஆபீஸில் எவரையும் விடவில்லை. ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் வீங்கும், அதனால்தான் லிவர் தளர்வாக இருக்கும், ஸ்டீல் வீங்காது, தொட்டால் கல்லு மாதிரி நிற்கும் என்று போவோர் வருவோருக்கெல்லாம் பாடம் எடுத்தேன். டீக்கடைக்காரருக்குக்கூட எடுத்தேன். அவரிடம் இருந்தது சைக்கிள்.

மெக்கானிக்கிடம் விடச் சொன்னான் ஹாஜா. இதுக்குப் போய் மெக்கானிக்கா என்று கேட்டேன். ஒரு காலை வேளையில் ஆபீஸ் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஹோஸை மாட்டினோம். மாட்டுவது சுலபம். அதற்குப் பிறகு லைனில் இருக்கும் காற்றை எடுப்பதுதான் வேலை; காற்று மிச்சம் இருந்தால் பிரேக் பிடிக்காது. லிவரை ஒருவர் அமுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே சக்கரத்தோரம் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகை ஒருவர் ஸ்பேனரால் திறக்க வேண்டும். ஆயிலோடு குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி சலைன் டியூபை நிப்பிளில் செருகி, மறு முனையைத் தண்ணி பாட்டிலில் விட்டிருந்தேன். ஏதோ டாக்டர் என்ற நினைப்பு.

ஹாஜா அமுக்கி, “புடிச்சிட்டேன் மாமா” என்பான். நான் திறந்து மூடி, “உடு” என்பேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. இடையில் தெறித்த ஆயில் பெட்ரோல் டேங்க் பெயிண்டைத் தின்றுவிட்டது, அது தனிக் கதை. கடைசியில் இரண்டு சின்னக் குமிழி வந்தது. மூடிவிட்டு, “உடு மச்சான்” என்றேன்.

நம் ஊரில் இந்த ‘உடு’ ஒரு பொல்லாத சொல். கையை எடு என்றாலும் உடு. போதும், இதோடு நிறுத்து என்றாலும் உடு. வண்டியைக் கிளப்பு என்றாலும் உடுதான். நான் சொன்னது லிவரை. அவன் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு எழுந்து கை கழுவப் போய்விட்டான். லிவரில் கை வைத்திருந்தவனே எழுந்துவிட்டான், அப்படியென்றால் இறுகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் ஸ்பேனரைத் துடைத்து உள்ளே வைத்தேன்.

இதோடு போயிருந்தால் சொல்லைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும்போது ஹாஜா லிவரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான்.

“என்னா மாமா, கொழகொழன்னு இருக்குது? கல்லு மாதிரி நிக்கும்னு சொன்ன?”

“ஸ்டீல் அப்படித்தான் மச்சான். போகப் போக செட் ஆயிடும்.”

ஒரு வாரம் பாடம் எடுத்த அதே வாய். எனக்கும் சந்தேகம் இருந்தது. திரும்ப உட்கார்ந்தால் மானம் போய்விடும் என்று உட்காரவில்லை. அவன் என் பேச்சை நம்பி ஏறி உட்கார்ந்தான். ஆலப்பாக்கத்தில் வழக்கம்போல நெற்றி என் முதுகுக்கு வந்தது.

புதுச்சத்திரம் தாண்டி, முன்னால் போன கரும்பு டிராக்டர் சடாரென்று நின்றது. லிவரை அமுக்கினேன். அது பாட்டுக்குப் போய் ஹேண்டில்பாரைத் தொட்டது. பின் பிரேக்கை மிதித்ததில் வண்டி சறுக்கி, ரோட்டோர வாய்க்காலில் இறங்கிவிட்டோம். ஹாஜா கண் விழித்ததே சேற்றில்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் வெட்கக்கேடு. அவனுக்கு இடது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுப்போய், ஒன்றரை மாதம் மாவுக்கட்டு.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அவன் அம்மா கிள்ளையிலிருந்து பதறி ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜா, ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். ஆபீஸிலும் அதே ஆடுதான். என்னிடம் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

கட்டுப் பிரித்ததும் மறுபடி என் வண்டியில்தான் வந்தான். அதற்குள் மெக்கானிக் காற்றை ஒழுங்காக எடுத்து, லிவர் நிஜமாகவே கல்லு மாதிரி நின்றது. ஒரு மாதம் கழித்து என் மனைவி, “இப்பல்லாம் உங்க சட்டையில கறையே இல்லையே, ஹாஜா எண்ண வைக்கறத நிறுத்திட்டாரா?” என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த சட்டைகளை ஒவ்வொன்றாக முதுகுப் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

அந்த ரோடு இப்போது நான்கு வழிச்சாலை. வாய்க்காலும் இல்லை, ஓரத்துப் புளியமரங்களும் இல்லை. டவர் ரூமில் ஜெனரேட்டர் போய் பேட்டரி வந்துவிட்டது. ஹாஜா வெளிநாட்டு வேலைக்கென்று தம்மாம் போய் வருஷக்கணக்காகிறது. லீவில் வந்தால் காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

அவன் வேலையை விட்ட கடைசி வாரம், சிதம்பரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தான். கண்ணாடியில் பார்த்தேன். மனசு கேட்காமல், தூக்கம் வரவில்லையா மச்சான் என்று கேட்டுவிட்டேன்.

“இப்பல்லாம் எனக்குப் பகல்ல தூக்கமே வர்றதில்ல மாமா” என்றான்.

அன்று மத்தியானம்தான் டவர் ரூமில், ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருக்க, வெறும் தரையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மணி நேரம் தூங்கியிருந்தான்.