சம்மட்டியின் அடைகல்

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் சம்மட்டி தன் கொல்லுப்பட்டறைக் கதவைத் திறந்தாள். உலை இருந்தது. ஊதுகிற விசிறி இருந்தது. சுத்தியல்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. நடுவில் இருந்த மரக்கட்டையின் மேல்தான் ஒன்றுமில்லை. நூறு கிலோ அடைகல்லைக் காணோம். காய்ச்சின இரும்பை இனி எதன் மேல் வைத்து அடிப்பது?

"அண்ணே, கல்லு எங்க?"

வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்மா. இனிமே உனக்கு எதுக்கு அது? கைக்குழந்தைக்காரி. டயர் கடைக்காரர் ஒருத்தர் இந்த இடத்தை வாடகைக்குக் கேக்கறாரு."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"அப்பா கட்டின பட்டறை. எனக்குப் பங்கு இல்லையா?"

"பங்கு இருக்கு. அந்தக் கல்லு மேல ஒரு நாளாவது ஒரு அடி அடிச்சிருக்கீங்களா?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. துணியை உதறினான். "சரி, மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இங்க வேலை நடந்தா நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா டயர் வந்து இறங்கும்."

"அப்போ வாயைத் தைக்க நூலு வாங்கி வெச்சுக்கங்க" என்றாள் சம்மட்டி.

அது அவள் பெயரில்லை. பெண்பிள்ளை உலைமுன் நிற்கிறாளே என்று கல்குவாரி ஆள் ஒருவன் கிண்டலாக வைத்தது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தான். அவளோ மறுநாளே அதைப் பட்டறைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிவிட்டாள். கிண்டல் செய்தவன் இப்போது உளி தீட்ட அவளிடம்தான் வரிசையில் நிற்கிறான்.

அன்றைக்கே வார்ப்புப் பட்டறைக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் அடைகல் வார்ப்பது அந்த ஒரு இடத்தில்தான். முற்றத்தில் ஐந்து கல் நின்றன, கறுப்புப் பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று. சம்மட்டி பெயின்ட்டைப் பார்க்கவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்தாள். லாரி பேரிங்கில் இருந்து வந்தது, நெல்லிக்காய் அளவு. ஒரு சாண் உயரத்திலிருந்து முதல் கல்லின் மேல் போட்டாள். குண்டு பொத்தென்று விழுந்து, இரண்டு விரல் உயரம் எழும்பி, அடங்கிவிட்டது.

"செத்த கல்லு" என்றாள்.

நல்ல அடைகல் வாங்கின அடியைத் திருப்பித் தரும். சுத்தியல் தானாகத் துள்ளி எழும். செத்த கல் அடியை விழுங்கிவிடும். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

"என்னம்மா, கத்தரிக்காய் கடையில நின்னு அழுத்திப் பாக்கற மாதிரி பாக்கற?" என்று வந்தார் வார்ப்புக்காரர்.

"கத்தரிக்காயில சொத்தைன்னா ஒரு வேளைக் குழம்புதான் போகும். இதுல என் தோளு போகும்."

நாலு கல் வெறும் வார்ப்பிரும்பு. ஐந்தாவதுதான் உருக்கு. அதில் குண்டு ஓரத்தில் நன்றாகத் துள்ளியது, நடுவில் படுத்துக்கொண்டது. உள்ளே காற்றுக்குழி.

"முகத்தை மேல வெச்சு வார்த்தீங்களா?"

"பின்ன? கால் பக்கம்தானே அகலம். அது கீழ இருந்தாத்தான் அச்சுப்பெட்டி ஆடாது."

"பால் பொங்கினா நுரை எங்க போகும்? மேலதானே? உருக்குலயும் காத்து, கசடு எல்லாம் மேலதான் ஏறும். நான் அடிக்கற முகத்தையே மேல வெச்சா? தலைகீழா வார்த்துக் குடுங்க. அசிங்கமெல்லாம் காலுக்குப் போகட்டும்."

"முப்பது வருஷமா இப்படித்தான் வார்க்கறேன்."

"முப்பது வருஷமா தப்பா வார்த்திருக்கீங்க."

வேலையாட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வார்ப்புக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை பல்சக்கரத்துக்கு உருக்கு காய்ச்சறோம். அதுல உனக்கும் ஒண்ணு, நீ சொல்ற மாதிரியே தலைகீழா. அப்புறம் ரெண்டு மாசம் உலை ரிப்பேர். சொத்தையா வந்தாலும் நீதான் எடுத்துக்கணும்."

"எடுத்துக்கறேன். சொன்ன பேச்சு மாறமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை அவள் போனபோது, பஸ் ஓட்டுகிற புருஷனும் லீவு போட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். அந்தக் குட்டி இருக்கிறதே, வயிற்றுக்குள் இருந்தபோதே சுத்தியல் சத்தம் கேட்டு வளர்ந்தது. அமைதியான வீட்டில்தான் அழும். அங்கே உலை உறுமுகிறது, சங்கிலி கடகடக்கிறது. அது வாயைத் திறந்தபடி சொகுசாகத் தூங்கியது.

கொதிக்கிற உருக்கோடு கொப்பரை சங்கிலியில் தொங்கி நகர்ந்து வந்தது. சம்மட்டி மணல் அச்சுப்பெட்டியைப் பார்த்தாள். கல்லுளிமங்கன் மாதிரி நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தது. தலைகீழாக வைத்த பெட்டி ஆடாமல் இருக்குமா? அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"இதுல முகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று அச்சுக்காரரைக் கேட்டாள்.

அவர் முதலாளியைப் பார்த்தார். "பெட்டி ஆடுச்சும்மா. அதான் பழையபடியே..."

சம்மட்டி நேராகப் போய் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எந்திரி! உருக்கு ஆறுது!" என்று கத்தினார் வார்ப்புக்காரர்.

"ஆறட்டும்."

"பைத்தியமா உனக்கு? யாருங்க இவ வீட்டுக்காரரு? சொல்லுங்க அவகிட்ட!"

புருஷன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டான். "சொல்லிப் பார்த்தவன்தாங்க நானும். நீங்க பல்சக்கரத்துக்கு ஊத்துங்க. அதான் சீக்கிரம் முடியற வழி."

வேறு வழியில்லாமல் கொப்பரை பல்சக்கர அச்சுகள் பக்கம் நகர்ந்தது. அடுத்த கொப்பரை மத்தியானம். அதற்குள் சம்மட்டி முந்தானையைச் செருகிக்கொண்டு அச்சுக்காரரோடு இறங்கினாள். பழைய அச்சை உடைத்து, அடைகல்லின் மர மாதிரியைத் தலைகீழாக வைத்து, மணலை இடித்து இறுக்கினார்கள். பெட்டி ஆடியது. "இதுக்கா முப்பது வருஷம் பயந்தீங்க?" என்று நாலு பக்கமும் செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். ஆட்டம் நின்றது. மத்தியானம் வார்ப்புக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றச் சொன்னார்.

மூன்று நாள் ஆறவிட்டு மணலை உடைத்தார்கள். முதலில் தெரிந்தது கால்தான். தேன்கூடு மாதிரி குழி குழியாக, பார்க்கச் சகிக்கவில்லை.

"எல்லாரும் வாங்கப்பா! சம்மட்டி வார்த்த லட்சணத்தைப் பாருங்க!" என்று முற்றமே அதிரக் கூப்பிட்டார் வார்ப்புக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். சம்மட்டி ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இது காலு. புரட்டுங்க" என்றாள்.

புரட்டினார்கள். முகத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, தொட்டித் தண்ணீரை மடை திறந்த மாதிரி அதன் மேல் விட்டு இறுகவைத்தார்கள். பிறகு தேய்த்தார்கள். கண்ணாடி மாதிரி வந்தது, ஒரு குழி இல்லை. குண்டைப் போட்டாள். கணீர் என்று ஒரு சத்தம். குண்டு ஏறக்குறைய அவள் விரல்வரை திரும்பி வந்தது. நடுவில் போட்டாள், ஓரத்தில் போட்டாள், விரல் விரலாக நகர்த்திப் போட்டாள். எங்கேயும் படுக்கவில்லை.

அச்சுக்காரர் அவள் கையிலிருந்து குண்டை வாங்கித் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். சிரித்தவர்கள் எல்லோரும் அதற்கு வரிசையில் நின்றார்கள்.

"காலுல பட்டி வெச்சு மூடி, பெயின்ட் அடிச்சுக் குடுக்கறேன்" என்றார் வார்ப்புக்காரர், குரலைத் தணித்து. "வெளிய பார்த்தா என் பேரு கெட்டுப்போகும்மா."

"வேண்டாம். கேக்கறவங்களுக்குக் காட்டணும், நல்ல கல்லுக்குக் கால் இப்படித்தான் இருக்கும்னு."

"வெளிய போய்ச் சொல்லாத தாயே."

"சொல்லுவேன்."

மாசக் கடைசி நாள் அண்ணன் டயர் கடைக்காரரோடு வந்தான், இடத்தை அளக்கக் கையில் டேப்போடு. வாசலில் குவாரி ஆட்கள் எட்டுப் பேர், கையில் மொண்ணை உளிகள். உள்ளே கணீர் கணீர் என்று அடி விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொன்னான். அதுவும் கேட்கவில்லை.

"நான் வேற இடம் பாத்துக்கறேங்க" என்று அண்ணன் காதுக்குள் சொல்லிவிட்டு டயர் கடைக்காரர் நடையைக் கட்டினார்.

சம்மட்டி சிவந்த இரும்பைத் திரும்ப உலையில் செருகினாள். நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"டேப்பு கொண்டாந்தது நல்லதாப் போச்சுண்ணே. அங்க சாத்தியிருக்கு பாருங்க, அந்தக் கடப்பாரை எத்தனை அடி? அளந்து சொல்லுங்க."

அண்ணன் வாசலைப் பார்த்தான். எட்டுப் பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பை இழுத்தான்.

"அஞ்சு" என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல!"