வட்டம் காணாமல் போன நாள்

ஒரு சின்ன வட்டம். ஓவிய மென்பொருளில் தூரிகையின் அளவைக் காட்டத் திரையில் நகருமே, அதுதான். ஒரு நாள் காலை அது காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு கூட்டல் குறி வந்து நின்றது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கணினியில் சுவரொட்டி அடிப்பதும் பழைய படங்களைத் திருத்துவதும் என் பொறுப்பு. மானாம்பதியில் என் தாய்மாமன் மனைவி, காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. வட்டம் மறைந்ததற்கு மறுநாள் அவளுக்குக் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும். அத்தைக்கு கேமரா என்றாலே ஆகாது, கண்டால் அடுப்படிக்கு ஓடிவிடுவாள். வாக்காளர் அட்டையில் முகம் கரித்துண்டாக விழுந்திருந்தது. உருப்படியான படம் ஒன்றே ஒன்று, திருப்புலிவனத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் ஃபிளாஷுக்குக் கூசிக் கண்ணை மூடிவிட்டாள்.

"கண்ண மட்டும் தொறந்து குடும்மா," என்றார் மாமா. "மூடிக்கினு கீற மூஞ்சிக்கு மாலை போட்டா, அவள கூடத்துல கெடத்தியிருந்தது தாம்மா ஞாபகம் வருது." சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அத்தைக்கான கண்ணீர் அஞ்சலியை அப்போதுதான் அடித்து முடித்திருந்தேன். அழுதுகொண்டே அடித்தது. உடனே தூரிகையை எடுத்தால் வட்டம் இல்லை, கூட்டல் குறிதான். தூரிகை எத்தனை பெரிது என்று எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக இமையில் வைத்தேன், கன்னம் வரை மை அப்பியது. அளவைக் குறைத்தேன், ஊசியால் கீறியது போல் வந்தது. விளிம்பை மென்மையாக்கினால் புகை, கெட்டியாக்கினால் பொட்டு. ஏதோ ஓர் எண் விசையில் கை பட்டதும் நிறமே வெளிறிவிட்டது, எதை மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாழாய்ப்போன மௌஸ் வேறு நடுவில் சிக்கிச் சிக்கி நின்றது. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். அத்தையின் அஞ்சலியில் தமிழ்த் தேதியைத் திருத்தச் சொன்னார்கள், திருத்திவிட்டு மறுபடி தூரிகைக்கு வந்தேன். அதே கூட்டல் குறி. கேட்கவும் அந்த ஊரில் ஆளில்லை. தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னாம்மா இது, முட்டக் கண்ணு! அவளுக்குக் கொஞ்சம் சிறுசா இருக்கும்."

சிறிதாக்கினேன். "இது உங்க அம்மா கண்ணு மாரி கீது." அதையும் அழித்தேன். போடுவதும் அழிப்பதுமாகவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ஓரம் சாய்ந்திருக்குமா, கருவிழி பழுப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் சட்டென்று பதில் சொன்னவர் போகப்போக யோசித்தார். பிறகு ஸ்டூல் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மனிதர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நிறுத்தும்மா. நீ ஒண்ணொண்ணா போடப்போட எனக்கு அவ கண்ணே மறந்துக்கினு போவுது. காலையில இருந்துச்சி. இப்போ இல்ல."

நான் போட்ட கண்களையெல்லாம் திரையிலிருந்து அழிக்க முடிந்தது. அவர் தலைக்குள்ளிருந்து எப்படி அழிப்பேன்? மூடிய கண்ணோடு அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை போடும்போது மாமா நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

காரணம் தெரிய வருடங்கள் ஆயின. எங்கள் தமிழ் எழுத்துருவில் பாதி எழுத்துகளுக்குப் பெரிய எழுத்து விசை வேண்டும். அதற்காக கேப்ஸ் லாக்கைப் போட்டு அடித்துப் பழகியிருந்தோம். அது போட்டிருந்தால் வட்டம் மறைந்துவிடுமாம். அத்தையின் அஞ்சலிக்காக அழுத்தியதை இரண்டு தடவையும் நான் எடுக்கவே இல்லை. ஒரு விசை, அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் பேனாவால் வரையும் பலகை இருக்கிறது, விதவிதமாகத் தூரிகைகள் இருக்கின்றன. இன்று காலை மாமா அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றி எடுத்து வந்தார். வீட்டில் இப்போது அவர் மட்டும்தான்.

"நல்ல மிசின்லாம் வந்துட்ச்சாமே. தொறந்து குடும்மா."

"எப்படி இருக்கும் மாமா?"

"யாரு கண்ணா இருந்தா இன்னாம்மா. தொறந்திருந்தா போதும். வூட்ல என்னைப் பாக்க யாருமில்ல."

அந்தப் படத்தைத் திரையில் போட்டிருக்கிறேன். வட்டம் அத்தையின் இமை மேல் அளவெடுத்தது போல் நிற்கிறது. எனக்கும் அவள் கண் ஞாபகமில்லை. வெளியே மாமா காத்திருக்கிறார்.