ஒட்டுக் கேட்கும் வீடு

என் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. தையல் கடையில் பகலெல்லாம் காஜா எடுத்துவிட்டு வருபவள், செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தரிக்கோலைத் தேடுவாள். துணித்துண்டு, தபால்தலை, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள், பொத்தான், சாயம் என்று கண்டதையும் ஒட்டி, சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் குட்டிக்குட்டியாய்ப் படம் செய்வாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை மறந்து வைத்தால் அதன் கதி அவ்வளவுதான்.

இவளைப் போன்ற பைத்தியங்கள் இன்னும் சிலர் உண்டு. மாதம் ஒருமுறை சலவைக் கடை மாடியில் கூடி அட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். விற்கக் கூடாது, மாற்றியதைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. இந்தச் சட்டத்தில் இவள்தான் ரொம்பக் கறார்.

அப்படிப்பட்டவள் போன வாரம் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச்சுற்றி வந்தாள். காரணம், அவள் அக்காவின் போன். என் சகலை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவரு சிரிச்ச மாதிரி ஒரே ஒரு போட்டோதானடி இருந்துச்சு. உனக்கு ஒட்டறதுக்குக் குடுத்த பழைய காயிதங்களோட வந்திருச்சா பாரு."

வந்திருந்தது. வெட்டியும் ஆகிவிட்டது. சிரிப்பு குப்பைக்குப் போய்விட்டது. காது மட்டும் ஒரு குட்டி வீட்டின் சன்னலில் ஒட்டப்பட்டு, 'ஒட்டுக் கேட்கும் வீடு' என்ற பெயரோடு, போன கூட்டத்தில் அதை மாற்றிக்கொண்டுபோன மருந்துக்கடைக்காரரிடம் இருந்தது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அக்காகிட்ட சொல்லுவேன்?" அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், குழாயைத் திறந்து மூடினாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடேன்."

அவள் முறைத்த முறையில் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் மருந்துக்கடையில் இருமுகிறவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானேம்மா?" என்று கடைக்காரர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கல்லா மேல் சாய்த்து வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினார். பதிலுக்கு இவள் தன் அட்டைகள் இருந்த பெட்டியையே திறந்து வைத்தாள். அவர் ஒன்றையும் தொடவில்லை.

"மொதல்ல போங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா வீட்டு வாசலிலேயே, மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள். "வெட்டிட்டேன்க்கா. இவ்வளவுதான் மிச்சம். அடிக்கணும்னா அடிச்சிடு."

அக்கா அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள். இவள் கைப்பை வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். கூடப் போயிருந்த நான் அவள் பக்கத்தில் நெருங்கி நின்றேன்.

"அவரு காதுடி," என்றாள் அக்கா. "கல்யாணமான நாள்லேர்ந்து இதுலதான் கத்திக்கிட்டு இருந்தேன். ஒரு நாளாவது காதுல வாங்கினாரா மனுஷன்?"

பிறகு அட்டையை வாயருகே வைத்து, மிகவும் மெல்லிய குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் என் மனைவியின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.