செல்வி பூ அடித்த மேசை

என் மனைவி செல்வி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடம் அவள் துணியில் பூ அச்சடித்த பட்டறையை நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவள் கூப்பிடாமல் இல்லை. "வாரேன், வாரேன்" என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அவள் கை பட்ட துணி ஒரு முழமாவது கிடைக்காதா என்ற ஏக்கம்தான். வீட்டில் ஒரு துண்டுகூட இல்லை.

காளவாசலில் காலை 8.40க்குப் பேருந்து. சோழவந்தானுக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், ஐம்பது நிமிடம், இருபது ரூபாய். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. செல்வி பாதி நாள் நின்றுகொண்டேதான் போவாளாம். அங்கிருந்து வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக ஒரு கிலோமீட்டர் நடை. ஆட்டோவுக்கு அறுபது கேட்டார்கள், நடந்தேன்.

"வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்!" என்றார் பாண்டியம்மாள், செல்விக்கு எதிர்மேசைக்காரர். எனக்கு வேண்டியதுதான்.

மரக்கட்டையை வண்ணத்தில் ஒற்றி, துணியில் வைத்து, கட்டையின் முதுகில் ஒரே குத்து. முதலில் கோட்டுக் கட்டை. காய்ந்த பிறகு, கோட்டுக்குள் நிறம் நிரப்பும் கட்டை. "இன்னைக்குக் கோடு முடிஞ்சிருச்சு, நாளைக்கு நெறப்பு" என்று செல்வி சொல்லும்போதெல்லாம் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் 'ம்' கொட்டியிருக்கிறேன். நானும் ஒன்று குத்திப் பார்த்தேன். நிறம் கோட்டைத் தாண்டி விழுந்தது.

"இம்புட்டுத் தள்ளியா வைக்கிறது!" பாண்டியம்மாள் சிரித்தார்.

"செல்வி அடிச்ச துணி ஏதாச்சும் கெடக்காம்மா?"

"சரக்கு நிக்குமாண்ணே? அப்பப்பயே கடைக்குப் போயிரும்."

என் முகம் செத்துவிட்டது போலிருக்கிறது. பாண்டியம்மாள் போய் எதிர்மேசையின் விரிப்பை ஓரத்தில் தூக்கினார். அச்சு நன்றாகப் பதிய மேசைமேல் துணியை அடுக்கடுக்காக மெத்தைபோல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அடிக்கும் துணியில் கசியும் வண்ணம் அதில் இறங்கும். மேல்விரிப்பு நைந்தால் அதன்மேலேயே புதிது. மூன்றாவது அடுக்கில் நீலப் பூக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, மங்கலாக.

"இது அவ மேசைண்ணே. இடது கைக்காரியில்ல? எல்லாப் பூவும் இடப்பக்கந்தான் அழுத்தமா எறங்கிருக்கு, பாருங்க."

தடவிப் பார்த்தேன். பட்டறை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"எடுத்துக்கங்கண்ணே."

அதை உருவினால் மேசையை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும், அரைநாள் வேலை கெடும். வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. சொல்ல வாய் வரவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. பத்து மணிக்குள் போனால் அச்சடிப்பதை முதலிலிருந்து பார்க்கலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம். வாங்கும் துணியை முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக நனையுங்கள்.

நான் கொண்டுவந்ததை இன்னும் நனைக்கவில்லை. கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் விரித்திருக்கிறேன்.