நூல் காட்டிய வழி

பிள்ளைகளே, அடைமழையால் வேலையின்றி வீட்டிலிருந்த நான், கொக்கி ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னப் பழகினேன். ஒருநாள் மழை ஓய்ந்ததும் மனைவி, "மச்சான், மகளப் பாத்துக்கங்க, ஆட்டுக்குக் குழை போட்டுட்டு வாறன்" என்றாள். கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்த நான் காதில் வாங்காமலே "ஓம்" என்றேன்.

திடீரென்று மடியிலிருந்த நூலுருண்டை தானாகத் துள்ளி ஓடியது! திகைத்துப்போய் நூலின் வழியே நடந்தேன். அதன் நுனி என் சின்ன மகளின் காற்சலங்கையில் சிக்கியிருந்தது. அவள் நின்றதோ, நிரம்பி வழியும் சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பில்.

"வாப்பா, தண்ணிக்குள்ள ஒரு புள்ள சிரிக்குது!" என்று குனிந்தவளை வாரியெடுத்தேன்.

"தொப்பி பின்னுற மனிசனுக்குப் புள்ள பாக்கத் தெரியல்ல" என்று, குழை போட்டுவிட்டுத் திரும்பிய மனைவி அழுதுகொண்டே ஏசினாள்.

எவ்வளவு மெல்லிய நூலால் அல்லாஹ் காப்பாற்றினான்! கிணற்றைச் சுற்றி வேலி அடைத்துவிட்டேன். மகள் தூங்கிய பிறகுதான் இப்போது ஊசியைத் தொடுகிறேன்.