பிளாத்தீன் வீடு

பத்ருன்னிசாவுக்கு ஒரே ஒரு சொல்தான் ஆகாது. சபுர். பொறுமை என்று பொருள். மார்க்கப் பிரசங்கமான பயானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் அந்தச் சொல்லைச் சொன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாகக் கேட்பாள். அதையே புருஷன் நெய்னா முகம்மது சொல்லிவிட்டால் போதும், கையிலிருக்கும் அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். பின்னே என்ன? கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவளுக்குத் தாராளமாகக் கொடுத்தது அது ஒன்றைத்தான்.

கல்யாணத்தின்போது அவளுக்கு வயது பதினாறு. நெய்னா முகம்மது மறுமாதமே சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஜவுளிக்கடை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வாசனைச் சோப்பும் சீனத்துப் பட்டும் கொண்டுவருவார், போய்விடுவார். ‘சபுரா இரு புள்ள, எல்லாம் சேத்துக்கிட்டு ஒரேயடியா வந்துடுறேன்’ என்பார். இருந்தாள். ஒரேயடியாக அவர் வந்திறங்கியபோது அவளுடைய காதோர முடி நரைத்திருந்தது. சேர்த்தது என்ன என்று பார்த்தால், ஒரு தகர டிரங்குப் பெட்டி. அதற்குள் பூவேலைப்பாடு செய்த கரையோடு கெட்டித் தாள்கள், அடுக்கு அடுக்காக.

“என்னங்க இது?”

“பங்குப் பத்திரம். ஆப்பிரிக்காவுல ஒரு சுரங்கத்துல நமக்கும் பங்கு இருக்கு. பிளாத்தீன் எடுக்கிற சுரங்கம்.”

பிளாட்டினத்துக்குப் பிரெஞ்சுக்காரன் சொல்லும் பெயர் அது. கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த ஒரு பிரெஞ்சு எஞ்சினீயர் சொல்லிக்கொடுத்தானாம். தங்கத்தைவிட அரிது, துருப் பிடிக்காது, சாமானிய நெருப்புக்கு உருகாது, கூடப் பிறந்த அஞ்சு உலோகமும் அதே பாறைக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது, உலகமே ஒருநாள் அதைத் தேடிக்கொண்டு வரும் என்று. உலகத்து வியாபாரமெல்லாம் படுத்துக் கிடந்த அந்த நேரத்தில் பத்திரம் கொள்ளை மலிவு. இருந்த சேமிப்பையெல்லாம் மனிதர் அதில் கொட்டிவிட்டார்.

காரைக்காலுக்கு இது போதாதா? கமாலுத்தீன், ஷம்சுத்தீன், நிஜாமுத்தீன் என்று பெயர் வைக்கிற ஊர். பிளாத்தீன் என்ற சொல் காதில் விழுந்த அன்றே அதுவும் ஒரு பெயராகிவிட்டது. ‘வாங்க பிளாத்தீன் பாய், சுரங்கம் சௌக்கியமா?’ என்று மீன் வாங்கப் போன இடத்தில்கூடக் கேட்டார்கள். நெய்னா முகம்மது கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பிப் பார்த்துச் செவுளைத் தூக்குவார். வீட்டுக்கு வந்து மானம் போகிறதே என்று புலம்புவது பத்ருன்னிசாதான்.

ஊர் கேலி பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். அவளுடைய கவலை வேறு. அவர்கள் வழக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டோடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். இருந்த வீட்டை மூத்தவள் ஜன்னத்துல் பிர்தௌஸ் பேருக்கு எழுதிவைத்துக் கல்யாணத்தை முடித்தாயிற்று. இளையவள் சஃபியா இருக்கிறாளே? பெண் கேட்டு வருகிறவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ‘இது மூத்த பொண்ணு வூடு. சின்னதுக்கு வூடு எங்கே?’ என்பார்கள். நெய்னா முகம்மது கொஞ்சமும் யோசிக்காமல், ‘டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு’ என்பார். வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள்.

சஃபியாவுக்கு இருபத்துநாலு ஆகிவிட்டது. அக்காள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அக்காள் வீட்டு அடுப்பை ஊதி, அக்காள் புருஷன் வரும் சத்தம் கேட்டால் உள்ளே ஒதுங்கி, இப்படியே அவள் நாள் போயிற்று. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால்கூடப் பெற்றவளுக்கு ஆறியிருக்கும்.

“வித்துத் தொலைங்களேன்” என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பத்ருன்னிசா கேட்டுவிடுவாள். ‘உலகச் சண்டை முடியட்டும்’ என்றார். முடிந்தது. ‘இப்ப பெட்ரோல் சுத்தம் பண்றதுக்கு பிளாத்தீன் வேணுங்கிறான் அமெரிக்காக்காரன். இன்னும் ஏறும், சபுர்’ என்றார். ஏறியது என்னவோ நிஜம். ஏற ஏற அவர் பிடியும் இறுகியது. ஒரு தடவை நச்சரிப்புத் தாங்காமல் விற்றுவருகிறேன் என்று புதுச்சேரிக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பேப்பரில் விலை ஏறியிருப்பதைப் படித்துவிட்டு, அரைக்கிலோ அல்வாவோடு திரும்பி வந்தார். அந்த அல்வாவை அவள் தொடவே இல்லை.

இதற்கு நடுவே அவள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. ஒவ்வொரு பத்திரத்தின் கீழ்ப்பாதியிலும் கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னக் கூப்பன்கள் அச்சாகியிருக்கும். வருஷத்துக்கு ஒன்றை வெட்டி பேங்கில் நீட்டினால் காசு கொடுப்பார்கள். சைகோன் பேங்கில் இருந்த யாரோ ஒரு தமிழ் ஆள் அதை, ‘வருஷ வட்டி பாய்’ என்று சொல்லிவைத்திருந்தான். வட்டியா! நெய்னா முகம்மது ஊருக்கு வந்ததும் ஹஜ்ரத்திடம் கேட்டார். ‘பேங்குல வட்டி தர்றான், வாங்கலாமா?’ வட்டி மார்க்கத்தில் கூடாது, ஹராம் என்றார் ஹஜ்ரத். வீட்டில் வந்து சொன்னபோது பத்ருன்னிசா ஒருபடி மேலே போனாள். ‘அந்தக் காசு இந்த வாசப்படி ஏறக்கூடாது. ஏறினா நான் எறங்கிடுவேன்’ என்றாள். சண்டைக்காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியை அவித்துத் தின்ற நாளிலும் அந்தக் கட்டங்களில் கத்தரி படவில்லை. பசித்திருந்தோம், ஹராம் தின்னவில்லை என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லிக்கொள்வதுண்டு.

கொடி மாறி, பிரெஞ்சுக்காரன் போய், மூன்று வருஷமானபின் சஃபியாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை பினாங்கில் கடைக்கணக்குப் பார்ப்பவர், சாது. மாப்பிள்ளையின் தாயார் மரியம் கனி மட்டும் கறார். “எங்களுக்கு நகைநட்டு பெருசில்ல. ஓட்டு வீடா ஒண்ணு இருக்கணும். புள்ள ஆறு மாசத்துல திரும்பக் கப்பலேறுது, அதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிடணும்” என்றாள்.

அன்று இரவு பத்ருன்னிசா சண்டை போடவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. டிரங்குப் பெட்டியைத் திறந்து, பத்திரங்களைப் பழைய துண்டில் சுற்றிக் கட்டினாள். “நாளைக்குப் புதுச்சேரி போறோம். நானும் வர்றேன். உங்களைத் தனியா விட்டா அல்வாதான் வரும்” என்றாள்.

பிரெஞ்சுக்காரன் போனபின் எல்லையில் யாரும் பஸ்ஸை மறித்துப் பையைக் கிளறவில்லை. வெள்ளைத் துப்பட்டிக்குள் மூட்டையை அணைத்தபடி வழியெல்லாம் அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பேங்கில் அந்துவான் என்று ஒரு வயதான குமாஸ்தா இருந்தார். பேச்சில் பாதி பிரெஞ்சு, பாதி புதுச்சேரி. பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “நல்ல சரக்குதான் முசியே. ஆனா போன வருஷம் வந்திருக்கக்கூடாதா? இப்போ விலை பாதியா எறங்கிக் கெடக்கு” என்றார்.

பத்ருன்னிசா புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

அந்துவான் தாளைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கூப்பன் ஒண்ணுகூட வெட்டலையே! ஏன்?”

“அது வட்டி. நாங்க வாங்குறதில்லை” என்றாள் பத்ருன்னிசா. கொஞ்சம் நிமிர்ந்தேதான் சொன்னாள்.

“வட்டியா? யாரும்மா சொன்னது? கடன் குடுத்தாத்தானே வட்டி? நீங்க கூட்டாளிங்க. ஜவுளிக்கடையில வருஷக் கடைசியில கூட்டாளிக்கு லாபம் பிரிப்பாங்களே, அதான் இது. சுரங்கத்துல நட்டம் வந்தா ஒண்ணும் கெடையாது, லாபம் வந்தா உங்க பங்கு. இதுல வட்டி எங்கே வந்துச்சு?”

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நெய்னா முகம்மது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சைகோனில் அவரே கூட்டாளிகளோடு உட்கார்ந்து லாபம் பிரித்தவர். ஒவ்வொரு வருஷமும், ஒரு பைசா பிசகாமல்.

“அப்ப... இதையெல்லாம் இப்ப வாங்கிக்கலாமா?” என்று கேட்டாள் பத்ருன்னிசா.

“கடைசி அஞ்சு வருஷத்து வாங்கலாம். அதுக்கு முந்தினதெல்லாம் காலாவதி, மதாம். செத்துப் போச்சு.”

“மொத்தத்தையும் கூட்டினா எவ்வளவு வந்திருக்கும்?”

அந்துவான் பென்சிலை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். “எதுக்கும்மா அந்தக் கணக்கு” என்றார்.

உயிருள்ள கட்டங்களை வெட்டித் தனியே எடுத்துக்கொண்டார். செத்த கட்டங்களையும் வெட்டி, ‘இது வெறுங்காகிதம்’ என்று மேசை ஓரத்தில் தள்ளினார். பத்ருன்னிசா அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் பஸ் சிதம்பரத்தைத் தாண்டியது. பிறகு நெய்னா முகம்மது சொன்னார்: “ஹஜ்ரத் சரியாத்தான் சொன்னாரு. நான் வட்டின்னு சொல்லிக் கேட்டேன். கேட்டதுதான் தப்பு.”

“நானும்தானே வாசப்படி ஏறக்கூடாதுன்னேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். பழக்கதோஷம், “சபு...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்தச் சொல் நின்றால் போதும் என்று கிடந்தவளுக்கு, அது நின்றபோது தாங்கவில்லை. துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு, கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் சத்தமில்லாமல் அழுதாள்.

பணம் கடல் தாண்டி, சர்க்காரின் கேள்விகளையெல்லாம் தாண்டி வந்துசேர்ந்தது. ஊரின் கடைசித் தெருவில் மனை வாங்க முடிந்தது. சுவர் எழுப்ப முடிந்தது, நிலை வைக்க முடிந்தது. ஓட்டுக்கு எட்டவில்லை. கீற்றுதான் போட வேண்டியிருந்தது. பத்ருன்னிசா தானே போய் மரியம் கனியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கூப்பன் கதையையும் மறைக்கவில்லை. மரியம் கனி வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தேடி வந்த காசை ஹராமுன்னு நெனச்சு ஒதுக்கினவங்க வூட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்கே எடுக்கிறது? கீத்தா இருந்தா இருக்கட்டும். ஓடு பொறவு போட்டுக்கலாம். நாங்க சபுரா இருப்போம்” என்றாள்.

பத்ருன்னிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நிக்காஹுக்கு இரண்டு நாள் முந்தி, புது வீட்டில் சாமான் அடுக்கும்போது, உம்மாவின் பழைய சேலையை உதறிய சஃபியா முந்தானையில் ஒரு முடிச்சைப் பார்த்து அவிழ்த்தாள். கட்டம் கட்டமான காகிதங்கள் மடி நிறையக் கொட்டின.

“என்னம்மா இது? கூப்பன் மாதிரி இருக்கு. எதுக்கு இத்தனை நாளா முடிஞ்சு வச்சிருக்கே?”

பத்ருன்னிசா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேலே புதுக் கீற்றின் இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்துகிடந்தது.

“உன் வூட்டு ஓடு” என்றாள்.