பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர்

சேக்காட்டில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குத் தகரக் கூரை. சித்திரை பிறந்தால் வெயில் ஏறுவதற்குள்ளேயே அதன் அடியில் நிற்க முடியாது. போன கத்திரி வெயில் தொடங்கியபோது எங்கள் சிவப்புப் பசு ஈன்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிடேரிக் கன்று. கொடியில் காயப்போட்ட புடவையை எட்டிச் சப்பும், காரணமில்லாமல் துள்ளும்.

வெயில் ஏறியதும் துள்ளல் நின்றுபோனது. கன்று படுக்கவே இல்லை. சுவரோரம் கொஞ்சம் நிழல் விழும். அதில் தலையை வைத்துக்கொண்டு நின்றது. நிழல் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. காது தொங்கிவிட்டது. விலா ஏறி ஏறி இறங்கியது, ஓடி வந்த நாய் மாதிரி.

எனக்கு எதற்கும் பயம். குக்கர் விசில் தாமதமானாலே நெஞ்சு அடைக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“இன்னாமே, படுத்துகினா சீக்குன்ற, நின்னுகினா பயமாகீதுன்ற. அது இன்னாதான் பண்ணணும், பல்டி அடிக்கணுமா?” என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மாடு வைத்திருப்பவர்கள் படுத்துக் கிடக்கிற கன்றைத்தான் சந்தேகப்படுவோம். நிற்கிற கன்று நல்ல கன்று. ஆனால் இது நின்ற விதம் வேறாக இருந்தது. தரையில் கை வைத்துப் பார்த்தேன், சிமெண்ட் சுட்டது. இதில் எப்படிப் படுக்கும்? ஒரு கோணிச் சாக்கை நனைத்து விரித்தேன். கன்று அதன்மேல் படுக்கவில்லை. குனிந்து, ஈரச் சாக்கைச் சப்ப ஆரம்பித்தது.

அதற்குத் தாகம். அது புரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது. பால் குடிக்கிற கன்றுக்கு நாங்கள் தண்ணீர் காட்டமாட்டோம். பாலே போதும், மேலே தண்ணீர் குடித்தால் கழிச்சல் வரும் என்பார்கள். அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் போன மழையில் ஒரு கன்று கழிந்து கழிந்தே செத்தது. நான்தான் கூட இருந்து கழுவிவிட்டேன். தண்ணீர் கொடுத்தால் அப்படிப் போகும், கொடுக்காவிட்டால் வெயிலில் போகும். எதைச் செய்வது?

சாயங்காலம் கறக்கும் முன்னால், ஊட்டுவதற்கு அவர் கன்றை அவிழ்த்துவிட்டார். மெல்ல நடந்து போய்க் காம்பை வாயில் வைத்தது. உடனே விட்டுவிட்டது. பசு நக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கன்று திரும்பி, பசுவின் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தது. அவர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்.

தவிடு கேட்டு வந்திருந்த நாத்தனார் அலறினாள். “உட்டுடாதே அண்ணாத்தே! என் கன்னு அப்டித்தான் போச்சி.”

“உன் கன்னு எந்தத் தண்ணிய குட்சிது?” என்று கேட்டேன்.

“மாட்டுத் தொட்டிதான். தனியா கெணறா வெட்டுவாங்க அதுக்கு?”

“தொட்டிய எப்போ கழுவுன?”

“நல்லா கேட்ட போ அண்ணி. ஊட்டயே கழுவ ஆளில்ல.”

எங்கள் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அடியில் பாசி, மேலே புளித்த தவிடு. நேரே உள்ளே போய், புது பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி, நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரைச் சாய்த்து எடுத்துவந்தேன்.

“கேன் வாட்டரா?” என்றார் அவர். “நாளைக்கு எலுமிச்சம்பயம் புயிஞ்சி குடுப்பியா?”

“புயிவேன். கயித்த உடுய்யா.”

கன்று முகத்தை முழுக்க உள்ளே விட்டது. மூக்கில் ஏறித் தும்மியது, மறுபடியும் குடித்தது. ஒரேயடியாகக் குடிக்கவேண்டாம் என்று நான்தான் பக்கெட்டை நகர்த்தினேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு தானாகவே பசுவிடம் போய் மடியை முட்டியது.

“கயிஞ்சா என்னிய கேக்காதே,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனாள். அந்த வார்த்தையோடுதான் படுத்தேன். தூக்கம் எங்கே வரும்?

விடிந்ததும் அவர்தான் முதலில் கொட்டகைக்குப் போனார். “வந்து பாருமே, உன் மகாராணி போட்டுகீது,” என்று கத்தினார்.

ஓடிப்போய்க் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மஞ்சளாக, கெட்டியாக, எப்போதும் போடுகிற சாணிதான். கன்று அந்தச் சாக்கில் கால் மடக்கிப் படுத்திருந்தது. எழுப்பிப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது, எழுப்பவில்லை. பக்கெட்டைக் கழுவி நிரப்பி அதன் பக்கத்திலேயே வைத்தேன். மறுநாளும் கிளறிப் பார்த்தேன், அதற்கு அடுத்த நாளும்.